சீன மொழி வழங்கும் தீவில் நம் வீட்டுப் பிள்ளை

கல்லூரித் தேர்வுகளின் முடிவுகள் வெளிவரும் காலங்களில் நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் பெற்றோர் சிலர் கையில் தாள்களோடு காத்திருப்பது வழக்கம். முன்பெல்லாம் அவர்கள் நாடி வந்தது ஒரு நன்னடத்தைச் சான்றிதழோ, கல்லூரி முதல்வருக்கு ஒரு பரிந்துரை மடலோ ஆகும். இப்போது கேட்பது வேறு. "சாமி, பையனுக்குத் தைவானில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். அனுப்பலாமா?" எனக் கேட்கின்றனர். அங்ஙனம் வந்த தந்தை ஒருவர், அந்நாட்டில் யானைகள் நிறைய உண்டாமே என்று வினவியபோது, அவர் தாய்லாந்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குப் புலனாயிற்று. அவரைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. நம் தமக்கையின் மகன் அங்குப் புறப்படும் நாள்வரை நாமும் தைவானை நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாதவராகவே இருந்தோம்.

நாம் அந்நாட்டை நேரிற் கண்டதில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு, ஒப்புரவுக்காகக் கோவிலுக்குச் செல்லுமுன், நம் மருமகனுடன் தொலைபேசியில் உரையாடி வருகிறோம். அப்போது அவனுக்கு இரவு எட்டு மணி. இரண்டரை மணி நேரம் நம்மினும் முந்திச் செல்கின்ற நாடு அது. இடையில் சில திங்கள் அப்பேச்சு தடைப்பட்டதும் உண்டு. அதனையும் மறைக்காமல் பின்னர்க் கூறுவோம். திண்ணையில் காத்திருக்கும் பெற்றோர்க்கெல்லாம் தனித்தனியே கூறுவதை ஒருமுறை எழுதிவிடலாம் என்றே இதனைத் தொடங்கினோம்.

அவன் சென்று சேர்ந்த ஊர் சின்சு. தலைநகராகிய தைப்பேயிலிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஏறத்தாழ அரைமணித் தொலைவு. 1980இல் அங்கு அமைந்த அறிவியல் பூங்காவும், அதனை ஒட்டி எழுந்த மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளும் அவ்வூரை உலகறியச் செய்தன. பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டு அருகருகே உள்ளன; சிங் ஹுவா பல்கலைக்கழகம் 1956இல் அவ்வூரில் மீண்டும் நிறுவப்பெற்றது. நம் தமிழ்நாட்டு மாணவர் அவ்வூரில் உள்ளனர்; அறிவியல் முனைவர் பட்டத்துக்குச் சென்றோர் அவர்களுள் மிகுதி.

அவ்வூருக்குக் 'காற்று நகரம்' என்றொரு பெயர் உண்டு. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றினால் அப்பெயர். அக்காற்றினால் ஒரு நன்மையும் உண்டாயிற்று. அரிசி மாவைப் பிழிந்து நூலாக்கி, மூங்கில் தட்டிகளில் பரப்பி, அக்காற்றில் உலர்த்துவார்கள். சின்சுவின் அரிசி நூல் அந்நாடு முழுவதும் பெயர் பெற்றது. இதனை முதன்முறை கடையில் கண்டபோது நம் மருமகன், "மாமா, இங்கே இடியாப்பத்தை வெயிலில் காயப்போட்டு விற்கிறார்கள்!" என்று கூவினான். வாங்கிச் சென்று, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து உண்டான். உடன் தங்கியிருந்த தைவான் மாணவன் அதனைக் கண்டு முகம் சுளித்தானாம். அவர்கள் அதனை இறைச்சியும் காளானும் இட்டு வதக்கி உண்பவர்கள்.

ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் பிற்பாடு வந்தவை. தொடக்கம் கடினமாகவே இருந்தது. அவன் சென்ற காலத்தில் கொரோனாக் கட்டுப்பாடு நீங்கவில்லை. இறங்கியவுடன் மூன்று நாள் ஒரு விடுதி அறைக்குள் அடைபட்டிருந்தான். கதவின் வெளியே உணவுப் பெட்டியை வைத்து மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். திறக்கும்போது தாழ்வாரத்தில் எவரும் இரார். "மூன்று நாளாக ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்கவில்லை மாமா" என்றான். பின்னர் வெளியே வந்தபோது முகங்கள் இருந்தன, மொழி இல்லை.

பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துவார்கள் என்பது உண்மையே. அறிவியல் துறைகளில் அயல்நாட்டு மாணவர் ஆங்கிலத்திலேயே ஆய்வேடு எழுதுகின்றனர். ஆனால் வகுப்பறைக்கு வெளியே உள்ள வாழ்வு முழுவதும் சீனத்தில் நடைபெறுகிறது. அம்மொழியில் ஓர் அசையை நான்கு வகையாக ஏற்றியும் இறக்கியும் ஒலிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. 'மா' என்பதைச் சமனாக நீட்டினால் தாய். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. மேலிருந்து வெட்டென இறக்கினால் திட்டுதல். 'மாய்' என்பதைத் தாழ்த்தி ஒலித்தால் வாங்குதல், வெட்டி இறக்கினால் விற்றல். வணிகர்கள் எங்ஙனம் பிழைக்கின்றனரோ என நாம் வியந்தோம். எனினும் வலி, வளி, வழி என்னும் மூன்றையும் பிரித்தொலிக்க நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் படும் பாட்டை எண்ணி வாளாவிருந்தோம்.

ஒருநாள் இரவு, நெடுநேர ஆய்வுக்குப்பின் பசியோடு ஒரு சிற்றுண்டிக் கடைக்குச் சென்றிருக்கிறான். மாவுக்குள் பூரணம் வைத்து நீரில் அவித்த கொழுக்கட்டை போன்ற பண்டம் ஒன்று அங்கே பெரிதும் விற்பனையாவது. அதன் பெயரும் 'உறங்குதல்' என்னும் சொல்லும் ஒலியில் ஒன்றே. ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. "நான் உறங்க வேண்டும்" என்று கடைக்கார அம்மையாரிடம் மும்முறை கூறியிருக்கிறான். அவர் இவன் களைத்த முகத்தைக் கண்டு, "ஆம், வீட்டுக்குப் போய் உறங்கு" என்னும் பொருள்பட வாயிலைக் காட்டினாராம். பின்னர் அவருக்கே உண்மை விளங்கி, பத்துக் கொழுக்கட்டைகளுக்கு மேல் இரண்டை இலவசமாக இட்டுக் கொடுத்திருக்கிறார்.

எழுத்தோ இன்னும் பெரிய கடல். நாளிதழ் ஒன்றைப் படிக்க ஏறத்தாழ 3,000 எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றனர். சீனப் பெருநிலத்தில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுத்துகளைச் சுருக்கிவிட்டார்கள். தைவானில் பழைய முழு வடிவமே வழங்குகிறது. அங்குள்ள சிறுவர்கள் முதல் வகுப்பில், 37 குறிகள் கொண்ட ஒலியெழுத்து ஒன்றைக் கற்று, அதன் துணையோடு இக்கடலுள் இறங்குகின்றனர். நம் மருமகனும் அச்சிறுவர் நூலையே வாங்கினான். வீடு என்பதற்கு உரிய எழுத்தைப் பிரித்துக் காட்டினான்: மேலே ஒரு கூரை, அதன்கீழ் ஒரு பன்றி. "நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும்" என்று நம் தமக்கை கூறினார். அவர் யாரைக் கருதினார் என்பதை இங்கு எழுதுவதற்கில்லை.

இம்மொழியைக் கற்க முற்பட்ட முன்னோடி ஒருவர் நம் கடற்கரை வழியே சென்றவர் என்பது வாசகர் பலர் அறியாத செய்தி. இத்தாலியராகிய மத்தேயோ ரிச்சி அடிகளார் 1578இல் கோவாவில் வந்திறங்கி, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582இல் மக்காவ் சேர்ந்தார். முப்பது வயதில் சீன எழுத்தைத் தொடங்கி, 1610இல் பீகிங்கில் மறையும்வரை அவர் அம்மொழியின் மாணவராகவே இருந்தார். இதை நாம் எடுத்துரைத்தபோது நம் மருமகன், "அவருக்கு முப்பது ஆண்டு இருந்தது மாமா, எனக்கு நான்கு ஆண்டுதான் உதவித்தொகை" என்றான். விடை கூற இயலவில்லை.

பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி உணவைப் பற்றியது. அந்நாட்டில் பன்றியிறைச்சி இன்றி ஒரு வேளையும் கழியாது என அஞ்சுவோர் உளர். ஆனால் பௌத்த வழக்கத்தால் சைவ உணவகங்கள் அங்கு மிகுதி. ஊர்தோறும், தெருதோறும்கூட உண்டு. ஆயினும் அவர்தம் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. தவக்கால வெள்ளிகளில் அங்கே உண்டுவந்த நம் பிள்ளைக்கு, இறைச்சியின்மையைவிட வெங்காயமின்மையே பெரிய ஒறுத்தலாக இருந்ததாம். குடிப்பதற்கு எங்கும் சுடுநீர் கிடைக்கும். பல்கலைக்கழகத்துத் தாழ்வாரங்களில் அதற்கென்றே பொறிகள் நிற்கின்றன. தலைவலியா, காய்ச்சலா, தேர்வில் தோல்வியா, எதற்கும் "சுடுநீர் குடி" என்பதே அறிவுரை. நம் ஊர்ச் சுக்குநீர் போலும்.

முதல் வாரத்தில் வாங்கிய பால் உறையின் மேல் ஆண்டு 111 என அச்சிட்டிருக்கக் கண்டு திகைத்திருக்கிறான். சீனக் குடியரசு தோன்றிய 1912ஐ முதலாண்டாகக் கொண்டு அங்கே ஆண்டுகளை எண்ணுகின்றனர். 2022 அவர்களுக்கு 111. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனவிடத்து, 1999இல் பிறந்த இவனை 88ஆம் ஆண்டில் பிறந்தவன் எனப் பதிந்தனர். பாட்டி இதைக் கேட்டு, "என்னைவிட மூத்தவனாகிவிட்டானே" என்று நகைத்தார்.

இங்குப் பாட்டி என்றது நம் அன்னையாரை. தாமிரபரணிக் கரையில் உள்ள நம் ஊரில் பேரப்பிள்ளைகள் அவரை ஆச்சி என்றழைப்பார்கள். தமக்கையின் கணவர் வேலை நிமித்தம் வெளியூர்களில் இருந்தமையால் இப்பிள்ளையை வளர்த்தவர் ஆச்சியே. தைவானுக்கு அனுப்புவதில் முதலில் மறுத்தவரும், பின்னர்த் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வானூர்திக் கட்டணத்துக்குக் கொடுத்தவரும் அவரே.

நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் தாய்மார்க்கு ஒரு செய்தி. அந்நாட்டில் 1995 முதல் தேசிய உடல்நலக் காப்பீடு நடைபெறுகிறது. அங்குத் தங்கி ஆறு திங்கள் நிறைந்த அயல்நாட்டு மாணவரும் அதிற் சேர்வர். அதன்பின் மருத்துவச் செலவு பெரும்பாலும் அச்சமூட்டுவதன்று. முதல் ஆறு திங்களுக்குத் தனியார் காப்பீடு ஒன்று எடுத்துச் செல்லல் நலம். நம் பிள்ளைக்கு ஐந்தாம் திங்களில் கடைவாய்ப் பல் வலி கண்டது. செலவுக்கு அஞ்சி, கிராம்பைக் கடித்துக்கொண்டு ஒரு திங்கள் காத்திருந்தான். இதனைப் பின்பற்ற வேண்டா.

அவனை உண்மையில் வருத்தியது பல்லன்று, ஆய்வுக்கூடம். அங்கே மாணவர்கள் தம்முள் மூத்தோரை 'மூத்த அண்ணன்', 'மூத்த அக்காள்' என்னும் பொருள்படும் சொற்களால் அழைக்கின்றனர். பேராசிரியர் எத்துணைப் பெரியவராயினும் 'லாவ்ஷி', அதாவது ஆசிரியர் என்றே விளிக்கப்படுகின்றார். ஒழுங்கெல்லாம் நம் பழைய குருகுலம் போன்றதே. ஆனால் வாராந்திரக் கூட்டத்தில் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி, பத்து நிமிடத்தில் சீனத்துக்கு நழுவிவிடும். அவர்கள் சிரிக்கும்போது, தன்னைக் குறித்தே சிரிக்கின்றனர் என இவனுக்குத் தோன்றும். எட்டுத் திங்கள் செய்த சோதனை ஒன்றும் பயன்தரவில்லை. பேராசிரியர் கடிந்துகொள்ளவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தலையசைத்துவிட்டு அடுத்த மாணவனிடம் சென்றுவிடுவார். கடிந்துகொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் திரும்பிவிடத் துணிந்து, பயணச்சீட்டின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தடுத்தது நம் அறிவுரையன்று. நாம் நீண்டதோர் அறிவுரை கூறினோம். அவன் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தான் எனப் பின்னர் அறிந்தோம். தடுத்தவன், இடியாப்பத்தைக் கண்டு முகம் சுளித்த அந்த மாணவனே. அவன் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, தனக்கே ஆங்கிலம் தடுமாறும் நிலையில், "இவருக்கு விளங்கும் மொழியில் பேசுவோம்" என்றானாம். பின்னர்க் கூட்டம் முடியும்வரை அவனே பிழைபட்ட ஆங்கிலத்தில் பேசி, தன் தோழர்கள் சிரிக்க இடங்கொடுத்தான். எவரைக் குறித்துச் சிரிக்கிறார்கள் என்பது இம்முறை நம் பிள்ளைக்குத் தெளிவாக விளங்கிற்று.

இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டு வெளியே ஓர் அறை எடுத்துக்கொண்டான். அங்கேதான் அந்நாட்டின் தனிச்சிறப்பொன்றை அறிந்தான். மாலை வேளையில் தெருவில் பியானோ இசை ஒலிக்கக் கேட்டுப் பனிக்கூழ் வண்டி எனக் கருதி, சில்லறை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். வந்ததோ குப்பை வண்டி! பேத்தோவனின் 'எலீசுக்காக' என்னும் இசை, இல்லையேல் 'கன்னியின் வேண்டுதல்' என்னும் போலந்து நாட்டுப் பெண்மணியின் இசை, இவ்விரண்டில் ஒன்றை முழக்கிக்கொண்டு அவ்வண்டிகள் வருகின்றன. குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. அவரவர் பையைத் தாமே சுமந்து வந்து வண்டியில் எறிய வேண்டும். சமைத்த எச்சம் வேறு, பச்சைக் காய்த்தோல் வேறு, கண்ணாடி, தாள், உலோகம் வேறு. வண்டி இரண்டு மூன்று நிமிடமே நிற்கும். முதியோரும் இளையோரும், கால்சட்டை அணிந்த அலுவலரும் அடுக்களை அங்கி அணிந்த பெண்களும், ஒரே இசைக்கு ஓடிவருவர். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் காணும் இடமும் அதுவே. நம் பிள்ளைக்குத் தெருவார் முதன்முதலில் தலையசைத்து வணக்கம் கூறியதும் குப்பைப் பையோடு நின்ற வேளையில்தான். நம் ஊராட்சி மன்றத் தலைவரிடம் இதனை எடுத்துரைத்தோம். இசைக்குப் பணம் ஒதுக்க விதியில் இடமில்லை என்றார்.

கடைச்சீட்டு விந்தையையும் சுருங்கக் கூறுவோம். 1951 முதல் அங்கே கடைச்சீட்டு ஒவ்வொன்றும் பரிசுச்சீட்டாகும். அதன்மேல் எட்டிலக்க எண் உண்டு. இரண்டு திங்களுக்கொருமுறை குலுக்கல். மக்கள் சீட்டுக் கேட்டு வாங்குவதால் வணிகர் விற்பனையை மறைக்க இயலாது, அரசுக்கு வரி தவறாது. வேண்டாதோர் தம் சீட்டைக் கடை முகப்பிலுள்ள அறப்பெட்டியில் இட்டுச் செல்வர். நம் பிள்ளை ஒருமுறை 200 தைவான் டாலர் வென்றான். "பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை" என்னும் நம் கடைத்தெருவை நினைத்துக்கொண்டோம்.

இனி, நாம் முன்னர்ச் சுட்டிய தடையைப் பற்றிக் கூற வேண்டும்.

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், மழை நாளொன்றின் விடியலில், நம் அன்னையார் காலமானார். தமக்கை உடனே மகனுக்குத் தெரிவித்தார். அவன் அழுதுகொண்டே பயணச்சீட்டுத் தேடினான். தைப்பேயிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சென்னை, பின்னர் நம் ஊர். எவ்வளவு விரைந்தாலும் மறுநாள் மாலைக்கு முன் வந்து சேர இயலாது. "குளிர்பெட்டியில் வைத்து மறுநாள்வரை காத்திருக்கலாமே, தம்பி" என்று தமக்கை நம்மிடம் கேட்டார். வேண்டா என்று கூறியவர் நாம். மழை வலுக்கும், கல்லறைக் குழியில் நீர் ஊறும், தொலைவிலிருந்து வந்த உறவினர் திரும்ப வேண்டும் எனக் காரணங்களை அடுக்கினோம். குருவானவர் சொல்லை எவர் மறுப்பர்? அன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம் நடந்தது. உறவுப் பையன் ஒருவன் குடைக்கடியில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்க, நம் மருமகன் அச்சிறு திரையில் தன் ஆச்சியின் பெட்டி இறங்குவதைக் கண்டான். பாதியிலேயே இணைப்பு அறுந்துவிட்டது. மறுநாள் மழை பெய்யவில்லை.

அதன்பின் சனிக்கிழமைகளில் அவன் அழைக்கவில்லை. நாம் அழைத்தால், "நலம் மாமா, வேலை இருக்கிறது மாமா" என்று இரண்டு சொல். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது; அவ்வளவே. அவன் கேட்காத கேள்வி எது என்பது நமக்குத் தெரியும். நாமும் அதனைத் தொடவில்லை. பிறர் வீட்டுப் பிணக்குகளைத் தீர்க்கச் செல்லும் நமக்கு நம் வீட்டுப் பிணக்கில் வாய் அடைத்துக்கொண்டது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 3, பாஸ்கு வாரத்தின் புதன்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது தமக்கையின் அழைப்பு. "தம்பி, தைவானில் நிலநடுக்கமாம். தொலைக்காட்சியில் ஒரு கட்டடம் சாய்ந்து நிற்கிறது." அந்நாட்டு நேரப்படி காலை 7.58க்குக் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியனுக்கு அருகே 7.2 அளவில் நிலம் நடுங்கியிருந்தது. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 21இல் 2,400க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நடுக்கத்துக்குப்பின் அத்துணை வலியது அந்நாட்டில் நிகழ்ந்ததில்லை. சின்சு மேற்குக் கரையில், நடுவண் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது என்பதை நாம் அறிவோம். அறிந்தும் கை நடுங்கிற்று. அரைமணி நேரம் இணைப்புக் கிடைக்கவில்லை. பின்னர் அவனே தாய்க்கு அழைத்தான். ஆறாம் மாடியில் இருந்தவன், பயிற்சியிற் கற்றபடி மேசைக்கடியில் புகுந்துகொண்டான். அலமாரி சாய்ந்து நூல்கள் சிதறின, ஊறுகாய்ப் புட்டி உடைந்தது, அவனுக்கு ஊறில்லை. 1999இன் பாடத்தைக் கற்றுக் கட்டட விதிகளை இறுக்கியமையால் நாடு முழுவதும் உயிரிழப்பு ஏறத்தாழ இருபதோடு நின்றது.

அன்றிரவு நம் தொலைபேசி ஒலித்தது. நலமா எனக் கேட்க நாம் வாய் திறக்குமுன் அவன், "மாமா, ஒரு சந்தேகம்" என்றான்.

மறுநாள் ஏப்ரல் 4, அந்நாட்டாரின் சிங்மிங் திருநாள். குடும்பத்தார் அனைவரும் முன்னோர் கல்லறைக்குச் சென்று, புல் களைந்து, துடைத்து, உணவு படைத்து வணங்கும் நாள். நம் கல்லறைத் திருநாளுக்கு உறவானது. இடியாப்பத் தோழன், தெற்கே சாங்குவா பக்கத்திலுள்ள தன் சிற்றூருக்கு இவனை அழைத்திருக்கிறான். "அங்கே எல்லோரும் ஊதுபத்தி ஏந்திக் கும்பிடுவார்கள். நானும் பிடிக்கலாமா? பாவமாகுமா?" என்று கேட்டான்.

இக்கேள்விக்குத் திருச்சபை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் விடை தேடியது என்பதை அவன் அறியான். ரிச்சி அடிகளார், சீனர் தம் முன்னோர்க்குச் செய்யும் வணக்கம் நன்றியும் மரியாதையுமே, வழிபாடன்று எனக் கருதினார். அவர் மறைவுக்குப்பின் கடும் வழக்கெழுந்தது. 1704இலும் 1715இலும் தடை வந்தது. 1742இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அதனை முற்றும் உறுதிப்படுத்தினார். நம் மதுரை மறைப்பணித்தளத்தில் தே நோபிலி அடிகளாரின் வழக்கங்கள் குறித்தெழுந்த வழக்கும் இதனோடொத்தது. சீனத்தில் அத்தடையால் எத்தனையோ குடும்பங்களில் கிறிஸ்தவ மகன் தன் தந்தையின் கல்லறைமுன் நிற்க இயலாதவனானான். இறுதியில் 1939ஆம் ஆண்டு டிசம்பர் 8இல், பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் காலத்தில், முன்னோர் படத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் தலைவணங்குதல் முறையே என உரோமை இசைந்தது.

இவற்றையெல்லாம் நாம் அவனுக்கு விரித்துரைக்கவில்லை. "போ. பெரியவர்கள் செய்வதைப் பார்த்து மரியாதையாகச் செய். உன் மனத்தில் இறைவனிடம் அவர்களுக்காக மன்றாடு" என்றோம். அவன், "சரி மாமா" என்றான். இணைப்பைத் துண்டிக்கவில்லை, நாமும் துண்டிக்கவில்லை. சிறிது நேரம் மூச்சொலி மட்டும் கேட்டது.

மறுநாள் மாலை மீண்டும் அழைத்தான். அங்கே கல்லறைகள், இரு கைகளும் நீண்ட சாய்வு நாற்காலிபோல், மேட்டை அணைத்துக் கட்டப்பெற்றிருந்தனவாம். தோழனின் பாட்டனார் அங்குத் துயில்கிறார். பாட்டியம்மையார் உயிரோடிருக்கிறார், அவரைப் பேரப்பிள்ளைகள் 'அமா' என்றழைக்கின்றனர். அவருக்குச் சீனப் பொதுமொழி வராது. அவ்வூரின் தைவானிய வழக்கே பேசுவார். இரண்டாண்டு பாடுபட்டுக் கற்ற மொழி அங்கே பயன்படவில்லை. தோழன் இடைநின்று மொழிபெயர்த்தான். புல் களைந்தபின், நீண்ட வண்ணத்தாள்களை மேட்டின்மேல் பரப்பிச் சிறு கற்களால் அழுத்தினர். இக்கல்லறைக்குப் பிள்ளைகள் உண்டு, வந்து சென்றனர் என்பதற்கு அது அடையாளமாம். பின்னர் நிலக்கடலைத் தூளும் காய்களும் வைத்துச் சுருட்டிய மெல்லிய அடையை எல்லோரும் உண்டனர்.

உண்ணும்போது அம்மையார், உனக்கு அமா உண்டா எனக் கேட்டார். நவம்பரில் இறந்துவிட்டார், போக இயலவில்லை என்றான். அவர் எழுந்து சென்று, எஞ்சியிருந்த தாள்களில் ஒன்றையும் ஒரு கல்லையும் கொணர்ந்து அவன் கையில் வைத்து, உன் ஊர் எத்திசை எனக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. தோழன் தொலைபேசியிலிருந்த திசைகாட்டியைப் பார்த்து மேற்கே கைகாட்டினான். மேட்டுக்கு வெளியே, வேலியோரத்தில், மேற்கு நோக்கிய ஒரு சரிவில் அத்தாளை விரித்துக் கல்லை வைத்தான்.

இதனைக் கூறி முடித்தபின் கேட்டான்: "ஏன் மாமா ஒரு நாள் காத்திருக்கவில்லை?"

மழை என்று கூற நா எழவில்லை. "என்னால் தாங்க முடியவில்லையடா" என்றோம். "எத்தனையோ வீடுகளில் அடக்கம் முடித்து வைத்திருக்கிறேன். ஆச்சியை அந்தப் பெட்டிக்குள் இன்னோர் இரவு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதற்காக உன்னைப் பலியிட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்."

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ச்சீ பாவ் லெ மா?" என்றான். பொருள் விளங்காமல் விழித்தோம். "வயிறாரச் சாப்பிட்டீர்களா என்று அர்த்தம் மாமா. இங்கே யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்பார்கள், ஆச்சி கேட்பது போல" என்றான். இன்னும் இல்லை என்றோம். போய்ச் சாப்பிடுங்கள் என்றான்.

அதன்பின் சனிக்கிழமைகள் பழையபடி ஆயின. அவனது ஆய்வு இப்போது நன்கு நடைபெறுகிறது. என்ன ஆய்வு என்பதை அவன் நான்கு முறை விளக்கியும் நமக்கு விளங்கவில்லையாதலால் எழுதவில்லை. சென்ற விடுமுறையில் வந்தபோது சின்சு அரிசி நூல் இரண்டு கட்டுக் கொணர்ந்தான். தமக்கை அதனைத் தாளித்துக் கொடுத்தார். ஆச்சியின் கல்லறையில் புல் களைந்துவிட்டு, ஒரு கூழாங்கல்லை வைத்துச் சென்றிருக்கிறான். கோவில் பணியாளர் அதனை அகற்றப் போனார், இருக்கட்டும் என்றோம்.

சென்ற சனிக்கிழமை, அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் பியானோ ஒலி மெல்லக் கேட்கத் தொடங்கிற்று. "மாமா, வண்டி வந்துவிட்டது!" என்றான். செருப்பு மாட்டும் ஓசையும், படிகளில் இறங்கி ஓடும் ஓசையும் கேட்டன. இணைப்பை அணைக்க மறந்துவிட்டான் போலும். பேத்தோவனின் இசை முழுவதையும், அதனிடையே யாரோ ஒரு மூதாட்டி அவனை ஏதோ கேட்பதையும், அவன் சீனத்தில் மறுமொழி கூறுவதையும் கேட்டுக்கொண்டு, ஒப்புரவுக்கு மணி அடிக்கும்வரை அமர்ந்திருந்தோம்.